மூன்றாவது ஷிஃப்ட்டில் வடசென்னை

சென்னை பத்து மணிக்குத் தூங்கிவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. சொல்கிறவர் பெரும்பாலும் கூவத்துக்குத் தெற்கே குடியிருப்பவராக இருப்பார். பத்து மணிக்கு தி.நகர் ஷட்டரை இழுத்துவிடும், மயிலாப்பூர் வாசல் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடும், உண்மைதான். மிஞ்சுவது ஈ.சி.ஆர். ரெஸ்டாரன்ட்டுகளும் நட்சத்திர ஹோட்டல் பார்களும். ‘நைட் லைஃப்’ என்று நம் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுவதும் அதைப் பற்றித்தான்.

அதே பத்து மணிக்கு சௌகார்பேட்டை சந்துகளில் மூட்டை இறங்கிக்கொண்டிருக்கும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் சாலையில் வரிசை கட்டி நிற்கும். காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் மெஷின் ஓட ஆரம்பிக்கும். ராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, மண்ணடி என்று நீளும் இந்தப் பக்கத்துக்கு இரவு என்பது தலைமுறைகளாகவே வேலை நேரம். துறைமுகம், ரயில்வே, மில், மீன்பிடி ஆகிய நாலும் சூரியனைக் கேட்டு நடக்கும் தொழில்கள் கிடையாது. கப்பல் எப்போது வந்ததோ அப்போது சரக்கை இறக்க வேண்டும். படகு எப்போது கரை சேர்ந்ததோ அப்போது மீனை ஏலம் போட வேண்டும். பெரம்பூரில் பின்னி மில் ஓடிய காலத்தில் அதன் சங்கு ஊதினால் ஒரு ஷிஃப்ட் வெளியே வந்தது, இன்னொரு ஷிஃப்ட் உள்ளே போனது. இவர்களுக்குப் பசித்த நேரத்தில் கடைகள் திறந்தன, இவர்கள் ஓய்ந்த நேரத்தில் பாட்டும் பந்தயமும் நடந்தன.

இன்றைக்கு யூடியூப்காரர்கள் கேமராவும் கையுமாக வந்து ‘ஸ்பாட்’ என்று கொண்டாடுகிற ஒவ்வொரு இடத்துக்கும் பின்னால் யாரோ ஒருவருடைய டியூட்டி நேரம் ஒளிந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு போனால் வடசென்னையின் இரவு பிடிபடும். தெரியாமல் போனால் ஒரு தட்டு அத்தோ நூடுல்ஸும் நாலு செல்ஃபியும்தான் மிச்சம்.

கப்பலில் வந்த கைப்பக்குவம்

தொடங்குவதற்குத் தோதான இடம் பீச் ஸ்டேஷன். எதிரே ராஜாஜி சாலை நெடுக பர்மா பஜார். பர்மாவில் 1962-ல் நே வின் தலைமையில் ராணுவ ஆட்சி வந்தது. 1964-ல் கடை கண்ணிகள் எல்லாம் தேசியமயமாக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாக அங்கே வேர்விட்டிருந்த தமிழர்கள், வட்டிக்கடை வைத்திருந்தவர்களிலிருந்து மூட்டை தூக்கியவர்கள் வரை, கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். கையோடு கொண்டுவர முடிந்தது சொற்பம். இறங்கிய துறைமுகத்தின் வாசலை ஒட்டியே 1969-ல் அவர்களுக்குக் கடை போட இடம் கிடைத்தது. எழுபது, எண்பதுகளில் ‘ஃபாரின் சாமான்’ என்றால் தமிழ்நாடு முழுக்க இங்கேதான் வந்து நிற்கும். சென்ட் பாட்டில், டேப் ரெக்கார்டர், ஜப்பான் வாட்ச், எது கேட்டாலும் கிடைத்தது. 1991-க்குப் பிறகு ஃபாரின் சாமான் தெருவுக்குத் தெரு கிடைக்க ஆரம்பித்ததும் பஜார் செல்போன் கவருக்கும் சார்ஜருக்கும் இறங்கிவிட்டது. கூடவே கப்பலேறி வந்த சமையலுக்குத்தான் மவுசு ஏறிக்கொண்டே போகிறது.

பஜாருக்குப் பின்னால் செகண்ட் லைன் பீச் பக்கம் தள்ளுவண்டிகளும் சிறு கடைகளுமாக அத்தோ வரிசை. தட்டு வாங்குவதற்கு முன் ஒரு நிமிஷம் ஓரமாக நின்று, அத்தோ பிசைகிற கையைப் பாருங்கள். ஆரஞ்சு நிறத்தில் தடித்த நூடுல்ஸ் குவியலாக இருக்கும். அதில் ஒரு கைப்பிடி பேசினில் விழும். மேலே சீவிய முட்டைக்கோஸ், வெங்காயம், கொத்தமல்லி. ஒரு சிட்டிகை உப்பு, வறுத்த மிளகாய்த்தூள், ஒரு கரண்டி புளித்தண்ணீர், பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய். பிறகு பொன்னிறமாக வறுத்த வெங்காயம். கடைசியில் பேஜோ என்கிற மொறுமொறுத் தட்டையை உள்ளங்கையில் வைத்து நொறுக்கிப் போட்டு, அடியிலிருந்து மேலாக நாலு புரட்டு. அடுப்பு இல்லை, கரண்டி சத்தம் இல்லை. முழுக்க விரல் வேலை. “காரம் தூக்கலா, புளி தூக்கலா?” என்ற ஒரு கேள்விக்கு மட்டும் பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். யோசித்துக்கொண்டு நின்றால் பின்னால் நிற்பவர் “அண்ணே, எனக்கு ரெண்டு” என்று முந்திக்கொள்வார்.

கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். மிளகும் பூண்டும் மூக்கைத் திறக்கும். தீர்ந்ததும் நீட்டினால் முகம் சுளிக்காமல் ஊற்றுவார்கள். அதே சூப்பில் மெல்லிய நூடுல்ஸை ஊறப்போட்டால் மொய்ங்கா. அவித்த முட்டையை வகிர்ந்து, வறுத்த வெங்காயத்தைத் திணித்து, புளித்தண்ணீரும் மிளகாய்த்தூளும் விட்டுக் கொடுப்பது முட்டை மசாலா. அதை ஒரே வாயாகப் போட்டுக்கொள்வதுதான் முறை. கடித்துச் சாப்பிட்டால் சட்டைக்கு ஆபத்து. ஒரிஜினல் பர்மா மொய்ங்கா மீன் குழம்பில் செய்வது. இங்கே பெரும்பாலான வண்டிகளில் மீன் கழன்றுபோய் வாழைத்தண்டு மட்டும் தங்கிவிட்டது. காசிமேடு கூப்பிடு தூரத்தில் இருந்தும் இப்படி ஆனது வேடிக்கைதான்.

இந்தக் கடைகள் ஏன் சாயங்காலம் ஐந்துக்கு மேல் களைகட்டுகின்றன? ஹைகோர்ட், பேங்க், கஸ்டம்ஸ் அலுவலகம், ஹார்பர், இரும்புக் கடை என்று ஜார்ஜ் டவுன் முழுவதும் அந்த நேரத்தில்தான் ஆட்களை வெளியே விடும். பீச் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டியோ கும்மிடிப்பூண்டிக்குப் போக வேண்டிய வண்டியோ பிடிப்பதற்கு முன் கிடைக்கிற கால்மணி நேரம். உட்கார்ந்து இலை போட்டுச் சாப்பிட முடியாது, வெறும் டீயும் போதாது. நின்றபடி சாப்பிட்டு, சூடாக எதையாவது குடித்துவிட்டு ஓட வேண்டும். அந்தக் கால்மணி நேரத்துக்கு அளவெடுத்துத் தைத்த சாப்பாடு இது. எட்டரைக்கு மேல் போனால் பேஜோ தீர்ந்திருக்கும், கடைக்காரரின் பொறுமையும் தீர்ந்திருக்கும்.

சாவடி போன பிறகு

ஜார்ஜ் டவுனின் இரவு முன்பு இதைவிடப் பெரிசு. 1996 வரை சென்னைக்குக் காய்கறி வந்து இறங்கியது கொத்தவால் சாவடியில். நள்ளிரவில் லாரிகள் வந்து நிற்க, விடியும்வரை கூடை தூக்குபவர்களும் கணக்கெழுதுபவர்களும் டீ ஆற்றுபவர்களுமாக அந்தச் சந்துகளில் தோளோடு தோள் இடிக்காமல் நடக்க முடியாது. சந்தை கோயம்பேட்டுக்குப் போனது. 2002-ல் பாரிமுனையிலிருந்து வெளியூர் பஸ்களும் கோயம்பேட்டுக்குப் போயின. நெரிசல் குறைந்தது என்று நகரம் மூச்சு விட்டது. நெரிசலை நம்பி அடுப்பு மூட்டியிருந்த ராக்கடைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஒரு வேலையை இடம் மாற்றினால் அதன் இரவும் சேர்ந்தே இடம் மாறிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி சென்னையில் இல்லை.

மிச்சம் இருப்பதும் குறைவில்லை. என்.எஸ்.சி. போஸ் சாலையில் சீனா பாய் கடையின் நெய்ப்பொடி இட்லிக்கும் ஊத்தப்பத்துக்கும் இரவு வெகுநேரம் வரை கூட்டம் நிற்கும். தங்கசாலைத் தெருவுக்குள் நுழைந்தால் ராஜஸ்தான், குஜராத் வியாபாரிகளின் ராஜ்யம்: ஜிலேபி, கெட்டிப் பாதாம் பால், முறுக்குக்கு நடுவே காய்கறியும் சட்னியும் வைத்துத் தரும் முறுக்கு சாண்ட்விச். சௌகார்பேட்டைச் சாப்பாட்டைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை என்பதால் நாம் அதைச் சற்று வேகமாகவே கடந்துவிடலாம். நான் அங்கே பார்க்கச் சொல்வது சாப்பிடுபவர்களை அல்ல, அவர்களுக்கு நடுவே வழி கேட்டு வரும் மீன்பாடி வண்டிகளை. பழைய மொபெட் எஞ்சினை மாட்டிய மூன்று சக்கரப் பலகை வண்டி அது. போலீஸ் அவ்வப்போது பிடிக்கும், மறுநாள் மறுபடி ஓடும். பகல் முழுக்கக் கார் நிற்கிற சந்துகளில் சரக்கு நகர்வது இரவில்தான். துணிப் பேல் ஆளுயரத்துக்கு ஏற்றி, அதன் உச்சியில் ஒருவர் படுத்துக்கொண்டு, “ஓரம், ஓரம் போ தலைவா!” என்று கத்தியபடி வருவார். பாதாம் பால் டம்ளரோடு நாம்தான் ஓரம் போக வேண்டும். அது அவர் ஆபீஸ்.

மண்ணடியின் கதை தனி. வருஷத்தில் பதினோரு மாதம் அது இரும்பும் கைலியும் விற்கும் வியாபாரத் தெரு. ரமலான் மாதத்தில் அங்கப்ப நாயக்கன் தெருப் பக்கம் இரவு பகலாகிவிடும். மாலையில் நோன்புக் கஞ்சி, சமோசா, கடல்பாசி. தராவீஹ் தொழுகை முடிந்து இறங்கும் கூட்டத்துக்குப் பரோட்டாக் கல் காய ஆரம்பித்தால் சஹர் நேரம் வரை ஓயாது. ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டு மேன்ஷனில் தங்கி வேலை பார்க்கும் கீழக்கரை, ராமநாதபுரம் பையன்களுக்கு அந்த ஒரு மாதம் தெருதான் வீடு. மற்ற மாதங்களில் வந்து, யூடியூபில் பார்த்தது எங்கே என்று தேடாதீர்கள்.

இருட்டுவதற்கு முன் ராயபுரம்

ராயபுரத்தில் பார்க்க வேண்டியவற்றை வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவிடுவது நல்லது. முதலில் ரயில் நிலையம். 1856 ஜூலை 1-ம் தேதி தென்னிந்தியாவின் முதல் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. அதற்கு முன் ரயில் ஓடிய பம்பாய், தாணாவின் முதல் கட்டடங்கள் இன்றில்லை. ராயபுரத்தின் தூண்கள் நிற்கின்றன. இந்தியத் துணைக்கண்டத்தில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் இதுவே. வேறொரு ஊராக இருந்தால் டிக்கெட் போட்டு உள்ளே விடுவார்கள். இங்கே கூடையோடு வண்டிக்குக் காத்திருக்கும் அம்மாக்கள் அந்தத் தூணில் சாய்ந்து வெற்றிலை போடுகிறார்கள். எனக்கென்னவோ இதுதான் கௌரவமாகப் படுகிறது.

பக்கத்தில் தூய இராயப்பர் ஆலயம். துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்பு கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரம் போட, அலையைத் தாண்டிப் போய் ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தவை மசூலா படகுகள். அந்தப் படகுத் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து சேர்த்த நிதியில் 19-ம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுப்பிய கோயில் இது. அரத்தூன் சாலையில் 1910-ல் கட்டிய பார்சிக்களின் அக்கினிக் கோயில் இருக்கிறது. தமிழ்நாட்டில் வேறெங்கும் கிடையாது. பார்சி அல்லாதவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை; வெளியிலிருந்து முகப்பைப் பார்த்துக்கொள்ளலாம். ராபின்சன் பூங்காவில் 1949 செப்டம்பர் 18 அன்று கொட்டும் மழையில் தி.மு.க.வின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்தது. இன்று அண்ணா பெயரில் இருக்கும் அந்தப் பூங்காவில் மாலை நேரத்தில் நடைப்பயிற்சி பெரிசுகளிடம் லேசாகப் பேச்சுக் கொடுத்தால் போதும், “எங்கப்பா நனைஞ்சுக்கினே நின்னாரு” என்று ஆரம்பிக்க ஆள் இருக்கும். அன்றைக்கு நின்றவர்கள் எண்ணிக்கை வருஷா வருஷம் கூடிக்கொண்டுதான் போகிறது.

போர்டு, பந்து, பாட்டு

எட்டு மணிக்கு மேல் தண்டையார்பேட்டை, புதுவண்ணாரப்பேட்டைத் தெருக்களில் நடந்தால் ஒரு சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ‘டக்’. சிறிது இடைவெளி. மறுபடி ‘டக்’. கேரம் ஸ்ட்ரைக்கர் காயினை அடிக்கிற சத்தம். பத்துக்குப் பத்து வீட்டில் ஐந்து பேர் படுக்க வேண்டும் என்கிற இடத்தில், வேலை முடிந்து வந்த ஆண் எங்கே போய் உட்காருவான்? மன்றத்துக்கும் படிப்பகத்துக்கும்தான். அங்கே மைதானம் வேண்டாம், மழை பெய்தால் கவலையில்லை, மூன்றாவது ஷிஃப்ட் முடித்து வந்தாலும் ஆட ஆள் கிடைப்பான். தகர மூடி போட்ட பல்பு போர்டுக்கு மேல் ஒரு முழ உயரத்தில் தொங்கும், ஓரத்தில் பவுடர் டப்பா. ஆடுபவர் நாலு பேர் என்றால் பார்ப்பவர் பத்துப் பேர். ரெட் காயின் விழுந்து ஃபாலோ விழுகிற வரைக்கும் அந்தப் பத்துப் பேரும் வாய் திறப்பதில்லை. விழுந்த பிறகு ஒவ்வொருவரும் தான் எப்படி அடித்திருப்பேன் என்று விளக்குவார்கள்.

இதைச் சும்மா பொழுதுபோக்கு என்று நினைத்துவிடாதீர்கள். கேரமுக்காக 1996-ல் அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயம் சென்னைக்காரர், இரண்டு முறை உலகச் சாம்பியன். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் தனிநபர், இரட்டையர், குழு என மூன்று தங்கம் வென்ற காசிமா புதுவண்ணாரப்பேட்டையின் ஆட்டோ டிரைவர் ஒருவரின் மகள். அவர் ஆடப் பழகியது இந்தத் தெருக்களில் தன் அப்பா நடத்திய சிறு பயிற்சி மையத்தில். ஆண்கள் மட்டுமே தோள் உரச உட்கார்ந்திருந்த போர்டைச் சுற்றி இப்போது பள்ளிக்கூடப் பெண்களும் உட்காருகிறார்கள் என்றால், அந்த மூன்று தங்கத்துக்கு அதில் பங்கு உண்டு.

வியாசர்பாடியில் இதே நேரத்தில் விளக்கடியில் கால்பந்து நடக்கும். ‘சின்ன பிரேசில்’ என்று அந்தப் பகுதிக்குப் பெயர் விழுந்துவிட்டது. ஆங்கிலோ இந்தியர்களும் ரயில்வே அணிகளும் ஆடியதைப் பார்த்துப் பிடித்துக்கொண்ட ஆட்டம். இந்தியாவுக்கு ஆடிய நந்தகுமார் இந்தப் பகுதியில் வளர்ந்தவர்தான். குத்துச்சண்டை வேறு வம்சம். சார்பட்டா பரம்பரை, இடியப்பப் பரம்பரை என்று குடும்பச் சண்டை மாதிரி மானப் பிரச்னையாக மோதிக்கொண்ட காலத்தை 2021-ல் பா.இரஞ்சித் படமாக எடுத்த பிறகுதான் ஊரே தெரிந்துகொண்டது. இன்று கேலரி கட்டிய அந்த மாதிரிப் பந்தயங்கள் இல்லை. மாலையில் ஜிம்களில் பையன்கள் மூட்டையைக் குத்திக்கொண்டிருக்கிறார்கள். கேட்டால் பாதிப் பேர் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே வேலைக்குத் தயாராகிறேன் என்பார்கள்.

கானாவைப் பற்றி ஒரு வார்த்தை கறாராகச் சொல்லியாக வேண்டும். 2018-ல் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு மேடையேறிய பிறகும், 2020 டிசம்பர் முதல் ‘மார்கழியில் மக்களிசை’ விழா நடக்க ஆரம்பித்த பிறகும், கானாவைத் தேடி வடசென்னைக்கு இரவில் வருபவர்கள் அதிகமாகிவிட்டார்கள். இன்ஸ்டாகிராமுக்கு ‘ஒரிஜினல்’ வேண்டுமாம். ஒரிஜினல் நடப்பது சாவு வீட்டில். செத்தவரின் பெயர், பிறந்த தெரு, அவர் ஓட்டிய ரிக்‌ஷா, வைத்துவிட்டுப் போன கடன் எல்லாம் பாட்டில் வரும். டோலக்கோடு விடிய விடிய ஓடும். துக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் மட்டும் கேட்பதற்காகப் பாடப்படுவது அது. அழைத்தால் போய் உட்காருங்கள், செல்போனைப் பையில் வைத்துவிட்டு. அழைக்காவிட்டால் யூடியூபில் நூறு கானா இருக்கிறது, பாடகர்களே போட்டது. அதைக் கேளுங்கள்.

பதினொரு மணி விசில்

சினிமா வடசென்னைக்கு நிறையக் கொடுத்திருக்கிறது, கத்தியையும் சேர்த்து. ‘எந்த ஏரியா?’ என்ற கேள்விக்கு வியாசர்பாடி என்று பதில் சொன்னதும் எதிராளியின் முகம் மாறுவதைப் பார்த்து அலுத்துப்போகாத இளைஞர் இங்கே குறைவு. இரவில் போனால் பயமில்லையா என்று இதைப் படிப்பவர்களும் கேட்பீர்கள். பெருநகரம் எதிலும் இருட்டுச் சந்தில் எப்படி இருப்பீர்களோ அப்படி இருங்கள். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. நள்ளிரவிலும் இட்லிப் பானையோடும் மீன் கூடையோடும் தெருவில் இத்தனை பெண்கள் இருக்கும் இடம் சென்னையில் வேறு எங்கே என்று நீங்களே ஒருமுறை சுற்றிப் பாருங்கள். அந்தப் பெண்களுக்கு உண்மையான பயம் ரவுடி அல்ல. திறந்திருக்கும் கழிப்பறை ஒன்றுகூட இல்லாததுதான்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. 2019-ல் தமிழ்நாட்டில் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று அரசாணை வந்தது, பிறகு நீட்டிக்கவும்பட்டது. படிக்க நன்றாக இருக்கும். ஆனால் அது பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளை மனதில் வைத்து எழுதியது. நாலு சக்கர வண்டியில் தோசைக்கல்லும் தானுமாக நிற்கும் அக்காவுக்கு வேலையாள் என்று ஒருவர்கூட இல்லை. பதினொரு மணிக்குப் போலீஸ் விசில் சத்தம் கேட்டால் பெட்ரோமாக்ஸ் காலத்திலிருந்து இன்றைய எல்.இ.டி. காலம் வரை அவர் செய்வது ஒன்றுதான்: விளக்கை அணைத்துவிட்டு, கல்லைச் சூடாகவே வைத்துக்கொண்டு, இருட்டில் காத்திருப்பார். ஜீப் திரும்பியதும் விளக்கு எரியும். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு எந்தச் சந்தில் எந்த நேரத்தில் விளக்கு மறுபடி எரியும் என்பது அத்துப்படி.

2024 மார்ச்சில் வடசென்னை வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் ஒதுக்கீடு என்று விளம்பரங்கள் சொல்லின. பஸ் நிலையம், பள்ளிக்கூடம், சமுதாயக்கூடம், கடற்கரை மேம்பாடு என்று பட்டியல் பெரிசு. நல்லதுதான். அந்தப் பட்டியலில் இரவில் திறந்திருக்கும் கழிப்பறைகளும், தள்ளுவண்டிகளுக்கு ஒரு ராத்திரி லைசென்ஸும் சேர்ந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதற்கு ஆயிரம் கோடியெல்லாம் தேவைப்படாது.

இரண்டரை மணிக்கு விடியும் ஊர்

காசிமேட்டில் நாள் தொடங்குவது இரவு இரண்டு, இரண்டரைக்கு. ஆழ்கடலில் நாள்கணக்கில் கிடந்த விசைப்படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கரை கட்டியிருக்கும். படகின் அடிவயிற்றிலிருந்து மீன் மேலே வரும் வேலை முதலில். உள்ளே ஐஸில் நிற்பவர் கூடையை நிரப்ப, மேலே ஒருவர் இழுக்க, மூன்றாமவர் வாங்கிக் கரைக்கு வீச, நாலாமவர் தரையில் கொட்டுவார். ஒருவர் கை தாமதித்தாலும் மற்ற மூவரும் திட்டுவார்கள். அந்தத் திட்டுகளை இங்கே அச்சிட முடியாது.

தரையில் கொட்டியதும் தரம் பிரிக்கிறார்கள். வஞ்சிரம் ஒரு பக்கம், வவ்வால் ஒரு பக்கம். சங்கரா சிவப்பாகக் குவிந்திருக்கும். பாறை, சீலா, கொடுவா, கடம்பா, நண்டு. எதற்கும் ஆகாத சில்லறை மீன்கள் தனிக் குவியல். கருவாட்டுக்கோ கோழித் தீவனத்துக்கோ போகும். பிறகு ஏலம். ஏலம் விடுபவர் பல இடங்களில் பெண். புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகி, கூறின் தலைமாட்டில் நின்றுகொண்டு, ஒரு தொகையில் ஆரம்பித்து மூச்சுவிடாமல் ஏற்றிக்கொண்டே போவார். வாங்குபவர்கள் கத்துவதில்லை. ஒருவர் கண்ணைச் சிமிட்டுவார், ஒருவர் தாடையை லேசாக உயர்த்துவார், ஒருவர் விரலைத் தொடையில் தட்டுவார். முப்பது பேர் கூட்டத்தில் யார் எதை அசைத்தார்கள் என்று அந்த அம்மா எப்படிப் பிடிக்கிறார் என்பது நம் கண்ணுக்கு எட்டாது. கூறு கைமாறி, அடுத்த கூறுக்கு நகர்ந்திருப்பார்கள். நாம் இன்னும் முதல் விலையையே கூட்டிக்கொண்டு நிற்போம்.

நடுவில் நிற்காதீர்கள் என்பது முதல் விதி. ஐஸ் பெட்டியைத் தலையில் வைத்து ஓடி வருபவருக்குக் கழுத்தைத் திருப்ப முடியாது, “வழி, வழி!” என்ற குரல் கேட்டதும் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டியது நம் பொறுப்பு. செருப்பு வழுக்கும், ரப்பர் செருப்பாக இருந்தால் நல்லது. வெள்ளைப் பேன்ட்டில் வந்தவர்களை மீன்காரம்மாக்கள் பரிதாபமாகப் பார்ப்பார்கள். படமெடுக்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஏலம் நடக்கும்போது முகத்துக்கு எதிரே ஃப்ளாஷ் அடித்தால் கைமாறுகிற காசு கண் தப்பும். அதனால்தான் கோபம் வருகிறது.

மூன்றரை மணிக்கு மொத்த வியாபாரிகள் லாரியிலும் மினி வேனிலும் ஏற்றிக்கொண்டு கிளம்புவார்கள். சரக்கு கேரளம் வரைக்கும் போகிறது. அடுத்து கூடைக்காரப் பெண்களின் நேரம். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கூறை ஏலம் எடுத்து, அங்கேயே தரையில் குந்திப் பங்கு பிரிப்பார்கள். தராசு கிடையாது. பெரிய மீன் ஒன்றுக்குச் சின்னது மூன்று என்று கைக்கணக்கில் ஓடும், சண்டையும் அதே வேகத்தில் வந்து போகும். இவர்கள் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு ஆறு மணிக்குள் அவரவர் மார்க்கெட்டில் கூடையை இறக்கியாக வேண்டும். தென்சென்னை அபார்ட்மென்ட் வாசலில் எட்டு மணிக்கு “மீனு, மீனேய்!” என்று கேட்கும் குரல் நள்ளிரவிலேயே எழுந்த குரல்.

இந்த நேரத்துக் காசிமேட்டுச் சாப்பாட்டைத் தனியாகத் தேட வேண்டாம். டீக்கடை, இட்லி, மீன் குழம்பு எல்லாம் வேலை நடக்கும் இடத்திலேயே இருக்கும். டீயில் சர்க்கரை இரண்டு மடங்கு, இஞ்சி தாராளம். ஐஸில் நின்று கை மரத்தவர்கள் கிளாஸைக் குடிப்பதைவிட அதிக நேரம் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

ஐந்து மணிக்குச் சில்லறை வியாபாரம் சூடுபிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அலைமோதும், விலையும் அதற்கேற்ப. வாரநாளில் வந்தால் நிதானமாகப் பேரம் பேசலாம். செவுளைத் தூக்கிப் பார்க்கத் தயங்காதீர்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சிவப்பாக இருக்க வேண்டும். கண் குழி விழாமல் பளிச்சென்று இருக்க வேண்டும். வாங்கிய மீனை அங்கேயே அரிவாள்மனை போட்டு உட்கார்ந்திருப்பவர்களிடம் கொடுத்தால் கிலோ கணக்கில் கூலி வாங்கிக்கொண்டு ஆய்ந்து கொடுப்பார்கள். வஞ்சிரத்தைக் குழம்புக்கா வறுவலுக்கா என்று கேட்டுத்தான் கத்தியை வைப்பார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். 2017-க்கு முன்பு இது 45 நாளாக இருந்தது. அந்த நாட்களில் போனால் ஃபைபர் படகுகள் கொண்டுவரும் கொஞ்ச மீனும், வலை பின்னிக்கொண்டும் படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டும் இருக்கும் ஆட்களும்தான் இருப்பார்கள். பேச்சுக் கொடுக்க அதுவே நல்ல சமயம். அவர்களுக்கு நேரம் இருக்கும், மற்ற மாதங்களில் இருக்காது.

திரும்பிப் போக வழி சுலபம். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்ட பிறகு தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை நிலையங்கள் காசிமேட்டுக்குப் பக்கம். கடைசி வண்டி இரவு பதினொன்றுக்கு, முதல் வண்டி காலை ஐந்துக்கு. இடையில் ஆட்டோதான். மீன் வாங்கியிருந்தால் மூடி போட்ட தூக்கில் வைத்துக்கொள்ளுங்கள், பையில் மீன் இருப்பதை ஏறுவதற்கு முன்பே டிரைவரிடம் சொல்லிவிடுங்கள். பாதி வழியில் வாசனை வந்து தெரிந்தால் பேசிய வாடகை நிற்காது.